மிகுதிச் சக்தி எங்கே போயிற்று?

"சக்தியை ஆக்கவும் இயலாது; அழிக்கவும் இயலாது; ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற மாத்திரமே இயலும்." பௌதிகவியலைத் தொட்ட மாணவர் எவரையும் நித்திரையிலிருந்து எழுப்பிக் கேட்டாலும் இவ்வாக்கியத்தைத் தடங்கலின்றி ஒப்புவிப்பர். பரீட்சையில் இதற்குப் புள்ளியும் கிடைக்கும். அதே மாணவனின் தாயார் இரவிலே, "தம்பி, விளக்கை நூர்த்துவிட்டுப் படு, கரண்டு வீணாகிறது" என்கிறார். பாடப்புத்தகம் சொல்வது உண்மையாயின் வீணாவதற்கு என்ன இருக்கின்றது? அழியாத பொருளை ஏன் சிக்கனமாகப் பாவிக்க வேண்டும்? தாயார் சொல்வது உண்மையாயின் புத்தகம் சொல்வது பொய்யா?

இருவர் சொல்வதும் மெய்யே. அவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே மெய்யாகும் என்பதை விளங்கிக்கொள்ளாமலே எத்தனையோ மாணவர் பல்கலைக்கழகம் வரை சென்றுவிடுகின்றனர். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குக் கையகலமுள்ள ஒரு பித்தளை யந்திரம் உதவும். அதுவே மாதிரி நீராவி யந்திரம். இங்கிலாந்தின் மாமொட், ஜேர்மனியின் விலெஸ்கோ முதலான நிறுவனங்கள் சிறுவர்க்கான விளையாட்டுப் பொருளாக இவற்றைப் பல்லாண்டு காலம் செய்து வந்துள்ளன. நம் நாட்டிலும் சில பாடசாலை ஆய்வுகூடங்களின் அலுமாரிகளில் இத்தகைய யந்திரங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் துடைத்து மேசைமீது வைத்தால் எத்தகைய பாடம் கிடைக்கும் என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

யந்திரத்தின் அமைப்பு

கொதிகலம் ஒன்று, அதன் கீழே மதுசார விளக்கு, பக்கத்தே விரற்பருமனான உருளை, உருளையினுள்ளே முசலம், முசலத்தோடு இணைந்த வளைதண்டு, அதன் முனையிலே பாரமான ஒரு சில்லு. யந்திரம் இவ்வளவே. முசலம் என்பது உலக்கைக்கு வழங்கும் பழம்பெயர். உரலினுள் உலக்கை ஏறி இறங்குவது போல உருளையினுள்ளே முன்னும் பின்னும் சென்று வருவதால் அப்பெயர் இங்கும் பொருத்தமாயிற்று.

விளக்கை ஏற்றியதும் சில நிமிடங்களில் நீர் கொதிக்கத் தொடங்கும். ஒரு மில்லிலீற்றர் நீர் முற்றாக ஆவியாகிச் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் விரிவதற்கு ஏறத்தாழ 1,700 மில்லிலீற்றர் இடம் வேண்டும். மூடிய கொதிகலத்தில் அவ்வளவு இடம் ஏது? ஆதலால் உள்ளே அமுக்கம் உயர்கின்றது. அவ்வமுக்கமே குழாய் வழியாக உருளையை அடைந்து முசலத்தைத் தள்ளுகின்றது.

விளையாட்டு யந்திரங்கள் பலவற்றில் உருளையே ஊஞ்சல் போல இருபுறமும் ஆடும். ஒரு புறம் சாயும்போது உருளையிலுள்ள துவாரம் நீராவி வரும் துவாரத்தோடு பொருந்தும். மறுபுறம் சாயும்போது கழிவாவி வெளியேறும் துவாரத்தோடு பொருந்தும். கதவைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் தனியே ஒரு காவலாளி தேவையில்லை. உருளையின் ஆட்டமே அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. இதனை மாணவர் தம் கையாற் சில்லை மெல்லச் சுழற்றி, துவாரங்கள் பொருந்துவதையும் விலகுவதையும் கண்ணாற் காணவேண்டும். படத்தில் பார்த்து விளங்காதது இங்கே அரை நிமிடத்தில் விளங்கும்.

முன்னும் பின்னும் செல்லும் அசைவு எவ்வாறு சுழற்சியாகின்றது என்று கேட்கும் பிள்ளைகளை வீட்டிலுள்ள தையல் இயந்திரத்தின் அருகே அழைத்துச் செல்லுங்கள். காலாலே மிதிபலகையை ஏற்றி இறக்க, சில்லு சுழல்கின்றது. தொடங்கும்போது அம்மா தம் கையாற் சில்லைச் சிறிது தள்ளிவிடுவதையும் கவனியுங்கள். மிதிபலகையின் தண்டும் வளைதண்டும் ஒரே நேர்கோட்டில் வரும் நிலையில் எவ்வளவு மிதித்தாலும் சில்லு அசையாது. அந்த நிலையைத் தாண்டிச் செல்வதற்கே கையின் உதவி. மாதிரி யந்திரத்தையும் அவ்வாறே விரலால் ஒருமுறை சுழற்றித் தொடக்கிவிட வேண்டும். தொடங்கியபின் பாரச்சில்லு தன் வேகத்தினால் அந்த நிலையைத் தானே கடந்துவிடும்.

வெளிச்சத்துக்குக் கொடுக்கும் விலை

யந்திரத்தின் சில்லை ஒரு சிறு தைனமோவோடு இறப்பர் நாடாவினாலோ நூற்கயிற்றினாலோ இணைத்து, தைனமோவை ஒரு சிறு மின்குமிழோடும் ஆளியோடும் தொடுத்துவிட்டால் சக்திமாற்றத்தின் சங்கிலி முழுமையாகின்றது. மதுசாரத்தின் இரசாயனச் சக்தி சுவாலையில் வெப்பமாகின்றது, வெப்பம் நீராவியின் அமுக்கமாகின்றது, அமுக்கம் முசலத்தின் அசைவாகின்றது, அசைவு சுழற்சியாகின்றது, சுழற்சி மின்னாகின்றது, மின் ஒளியாகின்றது. மதுசாரம் கரும்பின் சர்க்கரையிலிருந்து வந்ததாயின், அக்கரும்பு வளர்ந்தது சூரியவொளியினால் அன்றோ? ஒளியிலே தொடங்கிய சங்கிலி ஒளியிலே வந்து முடிகின்றது.

இங்கே செய்துபார்க்க வேண்டிய முக்கியமான பரிசோதனை ஒன்று உண்டு. முதலில் ஆளியைத் திறந்து வைத்து, மின்னோட்டம் செல்லாதபடி யந்திரத்தை ஓடவிடுங்கள். சில்லு விரைவாகச் சுழலும். இப்பொழுது மாணவரை நோக்கி, "ஆளியை மூடினால் யாது நிகழும்?" என்று கேட்டு, விடையைக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். "குமிழ் எரியும்" என்றே பெரும்பாலோர் எழுதுவர். யந்திரத்துக்கு என்ன நேரும் என்று எழுதுவோர் மிகச் சிலரே. ஆளியை மூடுங்கள். குமிழின் இழை செந்நிறமாக மினுங்கும், அக்கணமே யந்திரத்தின் ஓசை மாறும், சில்லு தளரும். சுமையேறிய மாடு நடையைக் குறைப்பது போல யந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆளியைத் திறந்தால் வேகம் மீளும்.

யந்திரத்துக்கும் குமிழுக்கும் இடையே மெல்லிய இரண்டு கம்பிகள் மாத்திரமே உள்ளன. ஆயினும் குமிழ் எரிவதை யந்திரம் உணர்கின்றது. மின்னோட்டம் செல்லும்போது தைனமோவின் சுருள் தன் சுழற்சியைத் தானே எதிர்க்கின்றது. அவ்வெதிர்ப்பை வெல்வதற்குச் செய்யப்படும் வேலையே மின்னாகின்றது. வெளிச்சம் இலவசமாக வருவதன்று.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரமின்றி வாழ்ந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து, அதன் தைனமோவினால் வானொலி கேட்ட காலம் அது. செய்தியறிக்கை முடியும்வரை ஒருவர் மிதிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். வானொலியைத் தொடுத்ததும் மிதி இறுகுவதை அன்றைய சிறுவர் தம் கால்களினாலேயே கற்றனர். இன்று சுவரிலுள்ள ஆளியை அழுத்தும் பிள்ளைக்கு அந்த இறுக்கம் தெரிவதில்லை. எங்கோ தொலைவில் ஒரு யந்திரம் அதனை உணர்ந்துகொண்டுதான் இருக்கின்றது.

கணக்குப் பார்ப்போம்

குமிழ் எரிந்ததும் கைதட்டிவிட்டு வகுப்பைக் கலைத்துவிடுவது வழக்கம். உண்மையான பாடம் அதன் பின்னரே தொடங்குகின்றது. எம் வகுப்பில் ஒருமுறை பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், இவ்வளவு நெருப்பு எரிகிறது, இந்தக் குமிழோ மின்மினிப்பூச்சி அளவுதான் எரிகிறது. மிகுதி எங்கே போயிற்று?" என்று கேட்டான். சிலர் சிரித்தனர். அவன் கேட்டதே அன்றைய பாடத்தின் உயிர்நாடி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. உங்கள் யந்திரத்தில் அளந்தால் சிறிது கூடலாம், குறையலாம். விளக்கில் 20 மில்லிலீற்றர் மதுசாரம் எரிந்ததென்று கொள்வோம். அதன் திணிவு ஏறத்தாழ 16 கிராம். ஒரு கிராம் மதுசாரம் எரியும்போது ஏறத்தாழ 27,000 யூல் வெப்பம் வெளிவரும். ஆகவே எமது வரவு ஏறத்தாழ 430,000 யூல்.

செலவுக்கு வருவோம். கொதிகலத்திலுள்ள 100 கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 29,000 யூல் வேண்டும். அதில் 50 கிராம் ஆவியாயிற்று எனின், கிராமுக்கு 2,260 யூல் வீதம் 113,000 யூல் வேண்டும். இவையிரண்டும் சேர்ந்து 142,000 யூல். வரவில் மூன்றிலொரு பங்கே. மற்றைய இரு பங்குகளும் நீரைச் சென்றடையவேயில்லை. கொதிகலத்தின் இருமருங்கும் தழுவிச் சென்ற சுடுவளியோடு கலந்தும், பித்தளைச் சுவர்களிலிருந்து பரந்தும் அவை வகுப்பறையைச் சூடாக்கின.

இனி, குமிழைப் பாருங்கள். அதற்குக் குறுக்கே 1.5 வோல்ற்று அழுத்தமும் அதனூடாக 0.1 அம்பியர் மின்னோட்டமும் பத்து நிமிடத்துக்கு இருந்தன என்று கொண்டால், அது பெற்ற சக்தி 90 யூல். வரவு 430,000, குமிழுக்குக் கிடைத்தது 90. கடைக்குச் சென்று ஏறத்தாழ 4,800 ரூபாவைக் கொடுத்து ஒரு ரூபாவுக்குப் பொருள் வாங்கி வந்தாற்போன்றது! அந்த 90 யூலிலும் பெரும்பகுதி இழையின் சூடாகவே போய்விட, கண்ணுக்கு ஒளியாக வந்தது சிறு பங்கே.

நீராவியோடு சென்ற 113,000 யூல் என்னவாயிற்று? உருளையின் கழிவுத் துவாரத்திலிருந்து 'புஸ், புஸ்' என்று வெண்முகிலாக வெளியேறுகின்றதே, அதிலே இருக்கின்றது விடை. நீரை ஆவியாக்குவதற்குக் கொடுத்த மறைவெப்பத்தின் பெரும்பகுதியை அந்த ஆவி தன்னோடு தூக்கிக்கொண்டே போகின்றது. புட்டும் இடியப்பமும் அவிப்பது அந்த மறைவெப்பமே. கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கொடிதாவதற்கும் அதுவே காரணம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 430,000 யூலும் சரியாக வரும். ஒரு யூலும் அழியவில்லை. புத்தகம் சொன்னது மெய்.

கிளாஸ்கோவின் மாதிரி யந்திரம்

"மிகுதி எங்கே போயிற்று?" என்ற கேள்வி வகுப்பறை மாதிரி யந்திரம் ஒன்றைப் பார்த்து முன்னரும் கேட்கப்பட்டதுண்டு. நிலக்கரிச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பதற்காக தோமஸ் நியூகொமன் என்பார் 1712இல் இங்கிலாந்தில் ஒரு யந்திரத்தை நிறுவினார். அதன் சிறு மாதிரி ஒன்று கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குக் காட்டுவதற்காக இருந்தது. அது ஒழுங்காக ஓடவில்லை. அதனைத் திருத்தும் வேலை, பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து வந்த ஜேம்ஸ் வாற்று என்ற இளைஞரிடம் 1763இல் வந்து சேர்ந்தது.

வாற்று அதனைத் திருத்தினார். அப்பொழுதும் அது சில அடிகள் அடித்துவிட்டு நின்றுவிட்டது. கொதிகலம் போதிய பெரியதாகவே தோன்றியது; ஆயினும் ஆவி போதவில்லை. வேறொருவராயின் "விளையாட்டுச் சாமான்தானே" என்று திருப்பிக் கொடுத்திருப்பார். வாற்று கணக்குப் பார்த்தார். உருளையை நிரப்புவதற்கு வேண்டிய ஆவியிலும் பன்மடங்கு ஆவி ஒவ்வோர் அடிக்கும் செலவாவதைக் கண்டார். நியூகொமன் யந்திரத்தில், ஆவி நிரம்பிய உருளைக்குள்ளேயே குளிர்நீரைத் தெளித்து ஆவியை ஒடுக்குவர். இதனால் ஒவ்வொரு முறையும் உருளை முழுவதும் குளிர்ந்துவிடும். அடுத்த முறை வரும் ஆவியின் பெரும்பகுதி அவ்வுருளையை மீண்டும் சூடாக்குவதிலேயே செலவாகும். சிறு ஆவி பெருமளவு நீரைச் சூடாக்கும் விந்தையைக் கண்டு அவர் வியந்தபோது, மறைவெப்பத்தைப் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்திருந்த பேராசிரியர் யோசப் பிளாக் அதன் காரணத்தை விளக்கினார்.

1765இல் வாற்றுக்கு விடை கிடைத்தது. உருளையை எப்பொழுதும் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஆவியை வேறொரு பாத்திரத்துக்கு இட்டுச்சென்று அங்கே குளிர்விக்க வேண்டும். 1769இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1775இல் மத்தியூ போல்ற்றனுடன் கூட்டுச் சேர்ந்தார். சுரங்க உரிமையாளரிடம் அவர்கள் கேட்ட கட்டணம் விசித்திரமானது: பழைய யந்திரத்தோடு ஒப்பிடுகையில் மிச்சமாகும் எரிபொருளின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கு. 'போகும் மிகுதியை'த் தடுத்தே அவர்கள் செல்வம் ஈட்டினர். இன்று மின்குமிழின் வலுவைக்கூட அவர் பெயராலேயே வாற்று என்று அளக்கின்றோம். வகுப்பறை மாதிரியொன்று ஓடாமல் நின்றதிலிருந்து வந்தது இது.

அழியாத சக்தி ஏன் வீணாகின்றது?

வாற்று அடைத்த ஓட்டை ஒன்று. எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிட்டால், உராய்வை நீக்கிவிட்டால், வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றலாமா? பிரான்சு நாட்டின் இளம் பொறியியலாளரான சாடி கார்னோ 1824இல் இதற்கு விடை தந்தார்: மாற்ற இயலாது. நீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்கு விழும்போதே சில்லைச் சுழற்றுவது போல, வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குச் செல்லும்போதே வேலை செய்யும். வெப்பநிலை வேறுபாடு சிறிதாயின் பயனும் சிறிதே.

எமது மாதிரி யந்திரத்தில் ஆவி 120 பாகையில் புகுந்து 100 பாகையில் வெளியேறுகின்றதென்று கொள்வோம். கெல்வின் அளவில் 120 பாகை என்பது 393. வேறுபாடு 20. 20ஐ 393ஆற் பிரித்தால் நூற்றுக்கு ஐந்து. குறையே இல்லாத யந்திரமாயினும் அவ்வெப்பநிலைகளுக்கிடையே நூற்றில் ஐந்து பங்குக்குமேல் வேலையாகத் தரமாட்டாது. யந்திரம் செய்தவரின் கைவன்மைக் குறைவு இதற்குக் காரணமன்று. இயற்கையே விதித்த எல்லை இது.

மன்செஸ்ரர் நகரத்து யேம்ஸ் யூல், விழும் நிறைகளினாலே துடுப்புகளைச் சுழற்றி நீரைக் கலக்கி, செய்த வேலைக்கு ஏற்ப நீர் சூடாவதை 1840களில் அளந்து காட்டினார். வேலை முழுவதும் வெப்பமாகலாம், அதிலே தடையில்லை. ஆனால் அதே நீர் தானே குளிர்ந்து, துடுப்பைத் திருப்பிச் சுழற்றி, நிறைகளை மேலே தூக்கியதை எவரும் கண்டதில்லை. போகும் வழி அகலமானது; மீளும் வழி ஒடுக்கமானது. வாற்று வேலை செய்த அதே கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த வில்லியம் தொம்சன், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்டவர், 1852இல் இதனைப் பொதுவிதியாக எடுத்துரைத்தார்: சக்தி அழிவதில்லை, ஆனால் அது ஓயாது சிதறிக்கொண்டே இருக்கின்றது.

இப்பொழுது தாயாரின் சொல்லுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. யந்திரம் ஓடி முடிந்தபின் மதுசாரத்தின் 430,000 யூலும் வகுப்பறைக்குள்ளேதான் இருந்தன. கதவு யன்னல்களை அடைத்து அவ்வளவு வெப்பத்தையும் வளியிலே தேக்கி வைத்தாலும் அறை ஏறத்தாழ இரண்டு பாகை சூடேறியிருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு பாகையைக் கொண்டு ஒரு குவளை தேநீருக்கு நீர் கொதிக்க வைக்க முடியுமா? கிணற்றில் ஒரு பிடி உப்பைக் கொட்டிவிட்டால் உப்பு அழிவதில்லை; கிணற்றுக்குள்ளேயே இருக்கின்றது. ஆயினும் கறிக்கு அதனை எடுத்துப் போட முடியாது. எரிபொருள் என்பது பிடியிலுள்ள உப்பு. வெப்பமாகிப் பரந்துவிட்ட சக்தி கிணற்றில் கரைந்த உப்பு.

2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையிலே கிடந்தன. இன்று உயர்தர வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் அன்று தகப்பனோடு அவ்வரிசைகளில் நின்றவர்கள். உலகிலுள்ள சக்தியின் மொத்த அளவு அன்றும் இம்மியும் குறையவில்லை. குறைந்தது, ஓரிடத்தே செறிந்து நின்று வேலை செய்யவல்ல சக்தியே. நாம் காசு கொடுப்பது அச்செறிவுக்கு. 1990களில் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் இட்டுச் சிக்கன விளக்கு எரித்த தாய்மார் வெப்பவியக்கவியல் படித்தவர்களல்லர். ஆயினும் அதன் உட்பொருளை அறிந்திருந்தனர்.

மேசையிலிருந்து நுரைச்சோலைக்கு

"இக்காலத்தில் நீராவி யந்திரம் ஏது? இதைப் படித்து என்ன பயன்?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடத்தொடங்கிய நம் நாட்டுப் புகைவண்டிகளை இழுத்த நீராவி யந்திரங்கள் நாளாந்தச் சேவையிலிருந்து நீங்கிப் பல்லாண்டுகளாயின என்பது உண்மையே. ஆனால் நீராவி நீங்கிவிடவில்லை. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011இல் முதற்பகுதி தொடங்கிய நிலக்கரி மின்னிலையத்தில், தலா 300 மெகாவாற்று வலுவுள்ள மூன்று யந்திரங்களைச் சுழற்றுவது நீராவியே. எம் மேசையிலுள்ள சங்கிலியின் அதே கண்ணிகள்தாம் அங்கும்: எரிபொருள், கொதிகலம், நீராவி, சுழற்சி, மின். முசலத்துக்குப் பதிலாக அங்கே நீராவி அலகுகளைத் தள்ளிச் சுழற்றும் சுழலி உள்ளது.

இத்தகைய நிலையங்களில் ஆவியை 500 பாகைக்கும் மேலே சூடாக்குவர்; வேலை முடிந்த ஆவியைக் குளிர்வித்து நீராக்குவர். வெப்பநிலை வேறுபாடு பெரிதாதலால் எரிபொருளின் சக்தியில் மூன்றிலொரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல், மின்னாகின்றது. மிகுதியிலே பெரும்பகுதி கடல்நீரைச் சூடாக்குகின்றது. எஞ்சியது புகைபோக்கி வழியே செல்கின்றது. 1950இல் தொடங்கிய இலக்சபானை நீர்மின் நிலையம் போன்றவற்றிலோ நீர் மலையிலிருந்து விழுகின்றது. இடையிலே வெப்பம் என்ற கண்ணி இல்லை. ஆதலால் விழும் நீரின் சக்தியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு மின்னாகிவிடும். இருவகை நிலையங்களுக்கும் இவ்வளவு வேறுபாடு எதனால் என்பதை, மாதிரி யந்திரத்தின் கணக்கைப் போட்ட மாணவன் எவரும் சொல்லாமலே விளங்கிக்கொள்வான்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் சில எச்சரிக்கைகள்

நீராவி விளையாட்டுக் காட்டுவதுபோலத் தோன்றினும் விளையாட்டன்று. பின்வருவனவற்றை மறக்கலாகாது.

கொதிகலத்திலுள்ள காப்பு வால்வு தடையின்றி அசைகின்றதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பின்னரே விளக்கை ஏற்ற வேண்டும். ஒழுகுகின்றதென்று அதனை இறுக்கி அடைப்பது கொதிகலத்தை வெடிகுண்டாக்குவதாகும்.

நீர் வற்றிய கொதிகலத்தின் கீழே விளக்கு ஒரு நிமிடமும் எரியலாகாது. பித்தளையை இணைக்கும் ஈயப்பற்று உருகிவிடும்.

எரியும் விளக்கில் மதுசாரம் ஊற்றவே கூடாது. மதுசாரச் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. நூர்ந்துவிட்டதென்று எண்ணி ஊற்றினாற் போத்தலே தீப்பற்றும்.

குடாநாட்டின் சுண்ணக்கற் பூமியிலே ஊறும் கிணற்று நீரைக் கொதிகலத்தில் இடவேண்டாம். கேத்தலின் அடியிற் படியும் வெண்மையான படிவு கொதிகலத்திலும் படிந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரோ சுத்தமான மழைநீரோ நல்லது.

பால்மாப் பேணியிலும் தகரத்திலும் கொதிகலம் செய்து பார்க்கும் ஆசை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வருவதுண்டு. மூடிய பேணியில் நீரைக் கொதிக்கவைப்பதை எவ்வாற்றானும் தடுக்க வேண்டும்.

வீட்டிலே செய்வதற்கு

மாதிரி யந்திரம் எல்லா வீட்டிலும் இராது. கணக்குப் பார்ப்பதற்கு அது வேண்டியதுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள், பெரியவர் ஒருவர் அருகிருக்க, பிள்ளைகள் இதனைச் செய்து பார்க்கலாம். வீட்டு மின்கேத்தலின் அடியிலோ பக்கத்திலோ அதன் வலு எத்தனை வாற்று என்று பொறித்திருக்கும். அளந்து ஒரு லீற்றர் நீரை அதில் ஊற்றி, கொதிப்பதற்கு எத்தனை விநாடி செல்கின்றதென்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறியுங்கள். வாற்றை விநாடியாற் பெருக்கினால் கொடுத்த சக்தி யூலில் வரும். நீர் பெற்றது, 30 பாகையிலிருந்து 100 பாகைக்கெனின், ஏறத்தாழ 294,000 யூல். இரண்டையும் அருகருகே எழுதிக் கழித்துப் பாருங்கள். பின்னர் அதே லீற்றர் நீரை விறகடுப்பிலோ வாயு அடுப்பிலோ கொதிக்கவைத்து, அடுப்பின் பக்கங்களிலே கையைச் சற்றுத் தூரத்தே பிடித்து, வெப்பம் எவ்வெவ்வழியே செல்கின்றதென்று உணர்ந்து, காணும் வழிகளையெல்லாம் பட்டியலிடுங்கள். ஆசிரியரிடம் காட்டும்போது எத்தனை யூல் கிடைத்ததென்பதோடு நில்லாமல், கிடைக்காதது எங்கே போயிற்றென்பதையும் எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டாவது பத்திக்கே கூடிய புள்ளி.